பந்தைத் திருப்பித் தராத அந்த அங்கிள்... இப்போ நீங்கதானா?

நம்ம எல்லார் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருந்திருக்கும். பந்து உள்ளே போனா திரும்பி வராது. 'யார் போய்க் கேக்கிறது'ன்னு சாட் பூட் த்ரீ போட்டு, தோத்தவன் கேட்டுக்கு வெளியே நின்னு "அங்கிள்... பால்..."னு இழுப்பான். சில அங்கிள் திட்டிட்டுத் தூக்கிப் போடுவாங்க. சிலர் கண்டுக்கவே மாட்டாங்க. கத்தியால ரெண்டா வெட்டி வெளியே வீசின அங்கிள்களும் உண்டு. அவங்களை நாம இன்னிக்கு வரைக்கும் மன்னிச்சிருக்க மாட்டோம்.

போன வருஷம் மே மாசம், ஒரு காலை 9 மணிக்கு, தலைமுடி கலைஞ்சு, கண்ணு சிவந்து, பால்கனியில நின்னுக்கிட்டு கீழே இருந்த ஏழெட்டுப் பசங்களைப் பார்த்து நான் கத்தினேன். "கொஞ்சம் கூட சென்ஸ் இல்லையா உங்களுக்கெல்லாம்?" பசங்க அப்படியே ஸ்டாச்சு மாதிரி நின்னாங்க. உள்ளே வந்து கண்ணாடியைப் பார்த்தப்போதான் உறைச்சது. அந்த அங்கிள் நான்தான்!

67 மெசேஜ், ஒரு நோட்டீஸ்

முதல்ல என் பக்கத்து நியாயத்தைச் சொல்லிடறேன். அப்போ எனக்கு நைட் டெஸ்க். ஆபீஸ் கேப்ல வீடு வந்து படுக்கும்போது மணி 3, சில நாள் 4 ஆகிடும். நானும் ரெண்டு தோழிகளும் வாடகைக்கு இருக்கிறது சென்னையில 24 வீடு இருக்கிற ஒரு மூணு மாடி அப்பார்ட்மென்ட். பின்பக்கம் ஒரு சின்னத் தோட்டம். ஒரு வேப்பமரம், ரெண்டு சிமென்ட் பெஞ்ச், பாதி காய்ஞ்ச புல். என் ரூம் முதல் மாடியில, தோட்டத்தைப் பார்த்த மாதிரி. ஜன்னலுக்கு நேர் கீழே சுவர்ல கரியால மூணு கோடு. அதுதான் ஸ்டம்ப்.

ஸ்கூல் லீவு விட்டதும் காலை 8.30-க்கே டாஸ் போட்டுடுவாங்க. நாலு மணி நேரத் தூக்கத்துல எழுப்பப்படுறது எவ்ளோ கொடுமைன்னு ஷிஃப்ட்ல வேலை பார்க்கிறவங்களுக்குத்தான் தெரியும். ரெண்டு வாரம் பொறுத்தேன். கத்திப் பார்த்தேன். மறுநாளும் டாஸ் போட்டாங்க. அப்புறம் நம்ம தலைமுறை செய்யுற அதே வேலையைச் செஞ்சேன். அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல மெசேஜ் போட்டேன்.

'பேரன்ட்ஸ் தயவுசெஞ்சு உங்க பசங்களைக் கன்ட்ரோல் பண்ணுங்க. இது அப்பார்ட்மென்ட், கிரவுண்டு இல்லை.'

சாயந்திரம் எழுந்து பார்த்தா 67 மெசேஜ். 'குழந்தைங்க விளையாடாம வேற என்ன பண்ணுவாங்க?'ன்னு ஒருத்தர். 'எங்க வீட்டு துளசித் தொட்டி ரெண்டு தடவை உடைஞ்சிருக்கு'ன்னு கிரவுண்டு ஃப்ளோர் பாட்டிக்காக அவங்க மருமகள். 'பகல் 9 மணிக்குத் தூங்குறது யார் தப்பு?'ன்னு இன்னொருத்தர். அடுத்தது நேரா நெஞ்சுல குத்துச்சு. 'பேச்சுலர் டெனன்ட்லாம் வந்து ஓனர்ஸுக்கு ரூல்ஸ் சொல்றாங்க.' அதுக்கு இன்னொரு டெனன்ட் பதில். அதுக்கு ஓனர் பதில். நடுவுல யாரோ சம்பந்தமே இல்லாம ஒரு குட் ஈவினிங் ரோஜாப்பூ.

மறுநாள் லிஃப்ட் பக்கத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க. 'தோட்டத்தில் பந்து விளையாட்டுகளுக்கு அனுமதி இல்லை. மீறினால் அபராதம். இப்படிக்கு, சங்க நிர்வாகம்.'

எனக்கு ஜெயிச்ச ஃபீலிங். மூணு நாள் நல்லாத் தூங்கினேன்.

நாலாவது நாள் ஆபீஸுக்குக் கிளம்பி ஸ்டில்ட் பார்க்கிங்ல இறங்கினா, பசங்க அங்கே இருந்தாங்க. தோட்டம் போச்சுன்னா விளையாட்டு போயிடுமா என்ன? தூணுக்கும் தூணுக்கும் நடுவுல ஓடிப்பிடிச்சுக்கிட்டு இருந்தாங்க. ஒரு கார் ரிவர்ஸ் எடுத்துக்கிட்டு இருந்துச்சு. தூணுக்குப் பின்னாடியிருந்து ஒரு பொண்ணு ஓடி வந்தா. ஆறு வயசு இருக்கும். வாட்ச்மேன் அண்ணன் பம்பரைத் தட்டி "ஏய் நிறுத்து நிறுத்து"ன்னு கத்தினாரு. வண்டி நின்னுச்சு. அவளுக்கும் காருக்கும் நடுவுல ஒரு சாண் இருந்திருக்கும், அவ்ளோதான்.

அந்தப் பொண்ணு அழக்கூட இல்லை. எனக்குத்தான் கை நடுங்குச்சு. அவ அங்கே வந்து விளையாடினதுக்குக் காரணம் என்னோட மெசேஜ்.

இந்தச் சண்டை ஏன் இப்போ இவ்ளோ ஜாஸ்தி?

ஒவ்வொரு லீவுக்கும் ஏதாவது ஒரு அப்பார்ட்மென்ட்ல இந்தப் பஞ்சாயத்து ஓடிக்கிட்டே இருக்கும். உங்க குரூப்லயும் இப்போ ஓடிக்கிட்டு இருக்கலாம். 'இந்தக் காலத்துப் பசங்க அடங்க மாட்டேங்கிறாங்க'ன்னு ஒரு கோஷ்டி, 'இந்தக் காலத்து மனுஷங்களுக்குப் பொறுமை இல்லை'ன்னு இன்னொரு கோஷ்டி. உண்மையில மாறினது மனுஷங்க இல்லை, இடம்.

நாம விளையாடினது தெருவுல. இப்போ சென்னையோ கோவையோ, அந்தத் தெருவோட ரெண்டு பக்கமும் கார் நிக்குது, நடுவுல பைக் பறக்குது. தெருவுல இருந்த மொத்த விளையாட்டும் காம்பவுண்டுக்குள்ள, அந்தச் சின்னத் தோட்டத்துக்குள்ள சுருங்கிடுச்சு. தெருவுல கத்தினா சத்தம் நாலு பக்கமும் சிதறிப் போகும். மூணு பக்கமும் சுவர் இருக்கிற இடத்துல கத்தினா, சத்தம் சுவர்ல பட்டுப் பட்டு மேல் மாடி வரைக்கும் ஏறும். அதே பசங்க, அதே கத்தல்தான். ஆனா நம்ம காதுக்கு ரெண்டு மடங்காக் கேக்கும்.

இன்னொரு பக்கம், வீடும் மாறிடுச்சு. 2020 லாக்டௌனுக்கு அப்புறம் நிறைய வீடு ஆபீஸாவும் இருக்கு. சாயந்திரம் 5 மணிங்கிறது பசங்களுக்கு விளையாட்டு நேரம், நமக்கு கிளையன்ட் கால் நேரம். ஐ.டி., மருத்துவமனை, டெலிவரின்னு நைட் ஷிஃப்ட்ல இருக்கிறவங்களுக்குக் காலைதான் ராத்திரி. பகல்ல எல்லாரும் முழிச்சிருப்பாங்க, ராத்திரி எல்லாரும் தூங்குவாங்கன்னு இருந்த பழைய டைம்டேபிள் ஒரே பில்டிங்குக்குள்ள நாலஞ்சா உடைஞ்சு கிடக்கு.

அதனால இதுல வில்லன் தேடாதீங்க. தூங்க நினைக்கிறவங்க பக்கமும் நியாயம் இருக்கு. விளையாட நினைக்கிற பிள்ளைங்க பக்கமும் நியாயம் இருக்கு.

சட்டம் என்ன சொல்லுது?

குரூப்ல சண்டை வந்தா யாராவது ஒருத்தர் "இது நாய்ஸ் பொல்யூஷன், போலீஸ்ல சொல்வேன்"னு ஆரம்பிப்பாங்க. கொஞ்சம் பொறுங்க.

2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், இரவுல 45 டெசிபல்னு ஒரு வரம்பு இருக்கு. இரவுன்னா 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. ஆனா, அந்த விதிகள் குறி வைக்கிறது லவுட் ஸ்பீக்கர், ஹாரன், ஜெனரேட்டர், பட்டாசு, கட்டட வேலை மாதிரி விஷயங்களை. சாயந்திரம் அஞ்சரை மணிக்கு "அவுட்டா, இல்லையா"ன்னு கத்துற குழந்தையை மனசுல வெச்சு எழுதினது இல்லை. அதே சமயம், ராத்திரி 10 மணிக்கு மேல புளூடூத் ஸ்பீக்கரோட தோட்டத்துல பர்த்டே பார்ட்டி நடந்தா, நீங்க தாராளமா அந்த விதியைக் கையில எடுக்கலாம்.

அடுத்தது, தோட்டம் யாருடையது? பத்திரத்துல யூ.டி.எஸ்னு போட்டிருக்கும் இல்லையா, பிரிக்கப்படாத பங்கு. நிலத்துல எல்லா ஓனருக்கும் பங்கு உண்டு, ஆனா 'இந்த மூலை என்னுது'ன்னு யாரும் கோடு போட முடியாது. பொது இடத்தை, அது எதுக்காக இருக்கோ அதுக்காக எல்லாரும் பயன்படுத்தலாம், மத்தவங்க உரிமையைத் தடுக்காம. அப்பார்ட்மென்ட் சட்டங்களோட அடிப்படையே இதுதான். தமிழ்நாட்டுல 1994-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலா புது அப்பார்ட்மென்ட் உரிமைச் சட்டம் 2022-ல நிறைவேறி, 2024-ல நடைமுறைக்கு வந்திருக்கு. கிரவுண்டு ஃப்ளோர்ல இருக்கிறவங்க 'என் ஜன்னல் முன்னாடி'ன்னு சொல்றது புரிஞ்சுக்க வேண்டிய கஷ்டம். ஆனா அது சொத்துரிமை இல்லை.

வாடகைக்கு இருக்கிற நம்ம கதை? சங்கத்துல ஓட்டு இல்லாம இருக்கலாம். ஆனா, வாடகைக்கு எடுத்த வீட்டோட சேர்த்துத்தான் லிஃப்ட், மாடிப்படி, தோட்டம் எல்லாத்தையும் பயன்படுத்துறோம். மெயின்டனன்ஸும் கட்டுறோம். 'டெனன்ட் பசங்க விளையாடக் கூடாது'ன்னு யாராவது சொன்னா, 'எந்த பைலாவுல இருக்கு, காட்டுங்க'ன்னு அமைதியாக் கேளுங்க. ஓனர் வீட்டுப் பிள்ளைக்கு என்ன ரூலோ அதுதான் எல்லாப் பிள்ளைக்கும்.

பெரிய கேட்டட் கம்யூனிட்டியில இருந்தா இன்னொண்ணையும் செக் பண்ணுங்க. தமிழ்நாட்டுக் கட்டட விதிகள்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற மனையில கட்டும்போது, 10% இடத்தைப் பொதுப் பயன்பாட்டுக்காக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்கணும். ஓ.எஸ்.ஆர். இடம்னு சொல்வாங்க. அது உங்க சங்கத்தோட இடம் இல்லை, ஊரோட இடம். அங்கே 'வெளிப் பசங்க வரக் கூடாது'ன்னு போர்டு மாட்டவே முடியாது.

இதையெல்லாம் தாண்டி ஒண்ணு இருக்கு. விளையாடுறது குழந்தைகளோட உரிமைன்னு ஐ.நா-வோட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 31-வது பிரிவுல சொல்லுது. 1992-ல இந்தியா அதை ஏத்துக்கிட்டிருக்கு. 5 வயசுலேர்ந்து 17 வயசு வரைக்கும் உள்ளவங்க ஒரு நாளைக்குச் சராசரியா 60 நிமிஷமாவது நல்லா ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வெளிச்சத்துல நேரம் செலவழிக்கிற குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வர்ற வாய்ப்பு குறையுதுன்னு ஆய்வுகள் சொல்றதால, தைவான் பள்ளிகள்ல பிள்ளைகளை ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் வெளியே அனுப்புற திட்டமே நடக்குது. 'போனையே பார்த்துக்கிட்டு இருக்கான்'னு புலம்புறதும் நாமதான், கீழே இறங்கினா 'சத்தம் போடாதே'ன்னு விரட்டுறதும் நாமதான்.

ஒரு நகரம் தோத்த கதை, ஒரு நாடு முடிவெடுத்த கதை

இது நம்ம ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை. ஜப்பான்ல நகானோ நகரத்துல 2004-ல திறந்த ஒரு சின்னக் குழந்தைகள் பூங்கா இருந்துச்சு. பக்கத்துல இருந்த ஒரு வீட்டுலேர்ந்து சத்தம் பத்தித் தொடர்ந்து புகார். விளையாட்டு இடத்தை மாத்திப் பார்த்தாங்க, நேரத்தைக் குறைச்சுப் பார்த்தாங்க. கொஞ்சம் கொஞ்சமாப் பிள்ளைங்க அங்கே விளையாடுறதையே நிறுத்திட்டாங்க. கடைசியில 'யாரும் பயன்படுத்தறதில்லை'ங்கிற நிலைமை வந்து, பூங்காவையே மூடறோம்னு நகராட்சி அறிவிச்சது. 2022 கடைசியில அது வெளியே தெரிஞ்சு நாடு முழுக்க விவாதமாச்சு. ஆனாலும் 2023-ல மூடிட்டாங்க.

ஜெர்மனி வேற வழியில போச்சு. அங்கேயும் பிளே ஸ்கூல், பிளேகிரவுண்டு பக்கத்துல இருக்கிறவங்க கோர்ட்டுக்குப் போய்க்கிட்டே இருந்தாங்க. 2011-ல சட்டத்தையே திருத்தினாங்க. குழந்தைகள் மையத்துலேர்ந்தும் விளையாட்டு இடத்துலேர்ந்தும் வர்ற சத்தத்தைத் தொழிற்சாலைச் சத்தம் மாதிரி அளக்கக் கூடாது, சாதாரணமா அதைத் தீங்கான தொந்தரவாவே கருதக் கூடாதுன்னு எழுதி வெச்சாங்க. டோக்கியோவும் 2015-ல சின்னக் குழந்தைகளோட குரலுக்கு டெசிபல் வரம்புலேர்ந்து விலக்கு கொடுத்துச்சு.

இதைப் படிச்சதும் 'பார்த்தீங்களா, குழந்தைங்க பக்கம்தான் நியாயம்'னு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் குரூப்ல போடத் தோணும். போடாதீங்க. ஜெர்மனிச் சட்டம் உங்க மாடியில இருக்கிற ஹார்ட் பேஷன்ட் தாத்தாவைத் தூங்க வைக்காது. நகானோ கதையில எனக்கு உறைச்ச விஷயம் வேற. அங்கே பேச்சு பெரும்பாலும் பெரியவங்களுக்கு நடுவுலதான் ஓடுச்சு. விளையாடின பிள்ளைங்க கடைசியா ஒரு மூடின கேட்டைத்தான் பார்த்தாங்க. எங்க நோட்டீஸ் கதையும் அதேதான்.

"அக்கா, நீங்க எப்போ தூங்குவீங்க?"

பார்க்கிங் சம்பவத்துக்கு மறுநாள் மூணாவது மாடிக்கு ஏறிப் போனேன். அங்கேதான் அந்தச் சின்னப் பொண்ணும் அவ அண்ணனும் இருக்காங்க. கதவைத் திறந்த அந்த அக்கா முகத்துல 'இப்போ என்ன கம்ப்ளெயின்ட்?'னு எழுதியிருந்துச்சு. "ஸாரி சொல்லத்தான்க்கா வந்தேன்"னேன். ரெண்டு செகண்ட் அப்படியே நின்னாங்க. அப்புறம் "உள்ளே வாம்மா"ன்னாங்க.

காபி குடிக்கும்போதுதான் தெரிஞ்சது, அவங்களும் வேலைக்குப் போறவங்க. காலையில பசங்களை மாமியார்கிட்ட விட்டுட்டுப் போனா சாயந்திரம் ஏழு மணிக்குத்தான் வருவாங்க. "கீழே விளையாடினா பாட்டி பால்கனியிலிருந்து பார்த்துக்குவாங்க. பார்க்கிங்ல இருந்தா யாருக்குத் தெரியும்?"னாங்க. நான் நைட் டெஸ்க்ல வேலை பார்க்கிறது அவங்களுக்கும் அன்னிக்குத்தான் தெரிஞ்சது. "நீ காலேஜ் படிக்கிற பொண்ணு, லேட்டா எழுந்திரிக்கிறன்னுல்ல நினைச்சேன்!"

அதுவரைக்கும் வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டிருந்த பையன், பத்து வயசு இருக்கும், குறுக்கே வந்தான். "அக்கா, நீங்க எப்போ தூங்குவீங்க?"

67 மெசேஜ்ல ஒருத்தர் கூட கேக்காத கேள்வி. "நாலு மணிக்குப் படுத்து பதினோரு மணிக்கு எழுந்திரிப்பேன்டா"ன்னேன். "அப்போ பதினோரு மணிக்கு மேல ஆடினா ஓகேவா?" "பன்னெண்டு மணி வெயில்ல ஆடப் போறியா?"ன்னு அவங்க அம்மா. "சரி, காலையில ஷட்டில் ஆடறோம். அது சத்தம் வராது." அடுத்து அவன் கேட்டது இன்னும் முக்கியம். "எந்தச் சத்தம்க்கா ஜாஸ்தியாக் கேக்குது?"

யோசிச்சுப் பார்த்தேன். கத்தல் இல்லை. பந்து! டென்னிஸ் பால் என் ரூம் சுவர்ல 'டொம்... டொம்...'னு மோதுற சத்தம்தான் என்னை எழுப்பியிருக்கு. ஸ்டம்ப் என் சுவர்ல இருந்ததுதான் பிரச்னை. அவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. "காம்பவுண்டு பக்கம் மாத்திக்கிறோம்க்கா. அங்கே நிழலும் இருக்கு."

அடுத்த ஞாயித்துக்கிழமை செகரட்டரி அங்கிள் தோட்டத்துல ஒரு மீட்டிங் வெச்சாரு. பசங்களும் உட்கார்ந்தாங்க. அரை மணி நேரம்தான். காலை 11 வரை சத்தமில்லாத ஆட்டம், மதியம் 1 லேர்ந்து 4 வரை தோட்டத்துக்கு லீவு, சாயந்திரம் 4 லேர்ந்து 7.30 வரை கிரிக்கெட், ஸ்டம்ப் காம்பவுண்டு பக்கம், டென்னிஸ் பாலுக்குப் பதில் ஸ்பான்ஞ் பால், துளசிக்குப் பக்கத்துல அடிச்சா அவுட். கடைசி ரூல் பசங்க போட்டது. பாட்டி சிரிச்சுட்டாங்க. சங்கக் காசுல தொட்டிகளுக்கு முன்னாடி ஒரு வலை கட்டினாங்க.

ஒரு விஷயம் மட்டும் சுலபமா முடியலை. வாட்ச்மேன் அண்ணன் பையனும் இவங்களோடதான் ஆடுவான். நோட்டீஸ் வர்றதுக்கு முன்னாடியே, ஒருத்தர் அவனை 'நீ போய் உங்க ரூம்கிட்ட விளையாடு'ன்னு அனுப்பிட்டாராம். அவன் பார்க்கிங் பக்கம்கூட வரலை. மீட்டிங்லயும் 'ரெசிடென்ட்ஸ் பசங்க மட்டும்'னு ஒரு குரல் வந்துச்சு. பெரியவங்க எல்லாரும் தரையைப் பார்த்தோம். நானும்தான். ஒரு பையன் எழுந்து சொன்னான், "அவன் இல்லாம எப்படி? எங்களுக்கு இருக்கிறதே ஒரே ஒரு ஃபாஸ்ட் பௌலர்." செகரட்டரி அங்கிள் "அவனும் இங்கேதானே குடியிருக்கான், அவனும் ரெசிடென்ட்தான்"னு முடிச்சுட்டாரு. சத்தம், செடி, பாதுகாப்புன்னு பேசுற நிறைய சண்டைக்கு அடியில 'யார் வீட்டுப் பிள்ளை'ங்கிற கேள்வி ஒளிஞ்சிருக்கு. உங்க அப்பார்ட்மென்ட்ல 'வெளிப் பசங்க'ன்னு யாராவது சொன்னா, யாரைச் சொல்றாங்கன்னு கவனிச்சுப் பாருங்க.

உங்க அப்பார்ட்மென்ட்ல இந்தச் சண்டை வந்தா...

அடி வாங்கிக் கத்துக்கிட்டது. நோட் பண்ணிக்கோங்க.

1. குரூப்ல போடறதுக்கு முன்னாடி படியேறுங்க. வாட்ஸ்அப்ல 24 குடும்பம் பார்க்க ஒருத்தரைக் குத்தம் சொன்னா, அவங்க பதில் சொல்ல மாட்டாங்க, தற்காத்துக்கத்தான் பார்ப்பாங்க. அதே விஷயத்தை வாசல்ல நின்னு தனியாச் சொன்னா முகத்தைப் பார்த்துப் பேசியாகணும். கோபம் இருக்கிற நாள்ல போகாதீங்க. மறுநாள் போங்க.

2. 'சத்தம்'னு பொதுவாச் சொல்லாதீங்க. எந்தச் சத்தம், எந்த நேரம், எந்த இடம்? 'உங்க பசங்க ரொம்ப மோசம்'னா சண்டை. 'புதன்கிழமை 5 லேர்ந்து 6 எனக்கு மீட்டிங், அந்த ஒரு மணி நேரம் மட்டும் ஜன்னல் பக்கம் வேண்டாமே'ன்னா அது ஒரு கோரிக்கை. கோரிக்கைக்கு 'சரி'ன்னு சொல்ல முடியும்.

3. 'விளையாடலாமா, கூடாதா'ன்னு கேக்காதீங்க. அந்தக் கேள்விக்கு எந்த அப்பார்ட்மென்ட்லயும் ஒத்துமையான பதில் வந்ததில்லை. 'எப்போ, எங்கே, எந்தப் பந்து'ன்னு கேளுங்க.

4. பசங்களைக் கேளுங்க. அவங்க போட்ட ரூலை அவங்களே காப்பாத்துவாங்க. நாம போட்ட ரூலுக்கு ஓட்டை கண்டுபிடிப்பாங்க. நாமளும் அப்படித்தானே!

5. பந்தைப் பிடுங்கி வெச்சுக்காதீங்க. மத்தவங்க பிள்ளை மேல கை வைக்கவே வைக்காதீங்க, மிரட்டாதீங்க. பசங்களை வீடியோ எடுத்துக் குரூப்ல 'இவங்கதான்'னு போடறதும் வேண்டாம். அது உங்க நியாயத்தையும் சேர்த்துக் கெடுத்துடும்.

6. பேரன்ட்ஸுக்கு: 'குழந்தைங்கன்னா அப்படித்தான்'ங்கிறது பதில் இல்லை. தொட்டி உடைஞ்சா, கண்ணாடி உடைஞ்சா, கேக்கறதுக்கு முன்னாடி போய் ஸாரி சொல்லி, மாத்திக் கொடுங்க. பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க. எந்த வீட்டுல உடம்பு சரியில்லாதவங்க, கைக்குழந்தை, பரீட்சை எழுதுறவங்க இருக்காங்கன்னு பசங்களுக்குச் சொல்லுங்க. காரணம் தெரிஞ்சா அவங்க கேப்பாங்க.

7. ரெண்டு வாரம் ட்ரையல் வைங்க. ஒத்துவந்ததை எழுதி ஒட்டுங்க. நோட்டீஸ்ல 'கூடாது' எத்தனை இருக்கோ, அத்தனை 'இங்கே விளையாடலாம்' இருக்கட்டும்.

8. பேசியும் முடியலைன்னா, எழுத்துல சங்கத்துக்குக் கொடுத்து, ஜெனரல் பாடி மீட்டிங்ல வைங்க. யாராவது குழந்தையை அடிச்சாலோ, மிரட்டினாலோ அது அக்கம்பக்கத்துச் சண்டை இல்லை. 1098-க்குச் சொல்லுங்க.

அப்புறம்?

எல்லாம் சுபம்னு சொன்னா பொய். கிரவுண்டு ஃப்ளோர்ல இன்னொரு வீட்டுல இருக்கிறவர் இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்காரு. 7.30-ங்கிறது சில நாள் எட்டு ஆகுது. ஸ்பான்ஞ் பால்ல ஸ்விங் ஆகலைன்னு ஃபாஸ்ட் பௌலருக்கு வருத்தம். எனக்கும் சில நாள் தூக்கம் கெடும்.

ஆனா ஒரு சின்ன ஏற்பாடு பண்ணியிருக்கோம். பசங்க ஐடியாதான். நான் தூங்கும்போது ஜன்னல் கம்பியில ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிடுவேன். துண்டு தொங்கினா, அக்கா தூங்கறாங்கன்னு அர்த்தம். போன வாரம் அசதியில கட்ட மறந்து படுத்துட்டேன். ஒன்பது மணிக்குக் கீழே சத்தம் கேட்டுக் கண்ணு முழிச்சா, அந்த மூணாவது மாடிப் பையன் மத்தவங்களை அதட்டிக்கிட்டு இருந்தான். "டேய், மெதுவாடா. துண்டு இல்லைன்னாலும் அவங்க ஸ்லிப்பர் வாசல்ல இருக்குது. தூங்கறாங்கடா."

திரும்பிப் படுத்துத் தூங்கிட்டேன்.